கடைமடையில் உப்பு ஏறும்போது: வரவு செலவு பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

ஆற்றுநீர் கடைசியாக வந்து சேரும் காவிரிக் கடைமடையில், நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி, சீர்காழிப் பக்கம் எந்த விவசாயிகள் கூட்டத்துக்குப் போனாலும் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கடல் மட்டம் உயர்வதைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். கடற்கரையிலிருந்து சில மைல் தள்ளி மூன்று மா, ஆறு மா நிலம் (மூன்று மா ஓர் ஏக்கர்) வைத்திருப்பவர் எதற்குப் பணம் போடலாம், எதற்குப் போடக்கூடாது என்று கணக்காகச் சொல்பவர்கள் குறைவு. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகளில் தொடங்கிச் சிக்கலானவற்றுக்குப் போகிறது.

கடல் என் வயலிலிருந்து அஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. அது உயர்ந்தா எனக்கென்ன?

காலநிலை மாற்றத்தை ஆராயும் பன்னாட்டு அறிவியலாளர் குழு 2021-ல் தந்த அறிக்கைப்படி 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006-க்குப் பிறகு வேகம் கூடி, ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் ஏறியது. அந்தக் கடல் கரை தாண்டி நடந்து வந்து உங்கள் வயலை மூடப்போவதில்லை. அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி வடிகால். வெண்ணாற்றுப் பாசனப் பகுதி ஆறுகளும் வடிவாய்க்கால்களும் கிட்டத்தட்ட கடல் மட்டத்திலேயே முடிகின்றன. அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில், அதாவது கடல் பொங்கி ஏறும் வேளையில், உப்புநீர் அவற்றின் வழியே உள்ளே ஏறுகிறது. சீர்காழிப் பக்கம் உப்பனாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கடல் சில அங்குலம் உயர்ந்தாலும் ஓதம் இன்னும் உள்ளே வரும். ஐப்பசி, கார்த்திகை மழைநீர் வடிய ஒரு நாளில் கிடைக்கும் நேரமும் குறையும். உப்பைவிட இந்த இரண்டாவது சேதம்தான் முதலில் கண்ணில் படும். முன்பு இரண்டு நாளில் வடிந்த வயலில் தண்ணீர் இப்போது ஐந்து நாள் நிற்கும்.

அடுத்தது நிலத்தடி. நன்னீர் எடை குறைந்தது, அதனால் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி வரை உப்பைத் தள்ளி வைக்கும். மேலே ஒரு அடி இறங்கினால் அடியில் நாற்பது அடி உப்பு ஏறும். கடைசி வழி புயலோடு வரும் கடல்நீர். அது அரிது, ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்துவிடும்.

இதோடு டெல்டாவுக்கென்று ஒரு குறை இருக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல்தான் இந்த மண்ணை உயர்த்திக்கொண்டே இருந்தது. 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு அந்த வண்டலில் பெரும்பகுதி அணைக்குள் தங்கிவிடுகிறது. கடல் ஏற, நிலம் ஏறாமல் நிற்கிறது.

கொஞ்சம் உப்பு இருந்தா என்ன, நெல் தாங்காதா?

மண்ணின் உப்பை மின்கடத்தும் திறனால் அளக்கிறார்கள். மண் பரிசோதனை முடிவு எழுதித் தரும் மண் அட்டையில் 'இ.சி.' என்று இருக்கும், அலகு மீட்டருக்கு டெசிசீமன். பரவலாகப் பயன்படும் கணக்குப்படி 3 வரை நெல்லுக்குப் பாதிப்பில்லை. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் சுமார் 12 சதவீதம் குறையும்.

இதைப் பணமாக்கிப் பார்த்தால்தான் உறைக்கும். ஏக்கருக்கு 25 குவிண்டால் விளையும் வயல், குவிண்டால் 2,500 ரூபாய், சாகுபடிச் செலவு 40,000 என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். வரவு 62,500, மிச்சம் 22,500. இ.சி. 5 ஆனால் விளைச்சல் 19 குவிண்டாலாகும். உழவு, நடவு, உரம், அறுவடை இயந்திர வாடகை எதுவும் குறையாது. வரவு 47,500, மிச்சம் வெறும் 7,500. விளைச்சலில் கால் பங்கு போனால் லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு போகிறது. இ.சி. 7-ஐத் தொட்டால் கையைக் கடிக்கும். உங்கள் செலவை இதே முறையில் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. நெல் எல்லா வயதிலும் ஒரே மாதிரி தாங்காது. முளைக்கும்போது தாங்கும், இளம் நாற்றாக இருக்கும்போது தாங்காது. தூர் கட்டும்போது தாங்கும், கதிர் உருவாகிப் பூக்கும்போது தாங்காது. பயிர் பச்சையாகத் தெரிந்தும் பாதிக் கதிர் பதராகப் போவது இதனால்தான்.

மண் அட்டையில இ.சி. ஒண்ணரைதான் போட்டிருக்கு. மூணு வரைக்கும் பயமில்லைன்னு நீங்களே சொல்றீங்களே?

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மேலே சொன்ன 3 என்பது மண்ணைக் குழைத்து, அந்தச் சேற்றிலிருந்து பிழிந்த நீரில் அளப்பது. நம் ஆய்வகங்கள் பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு நீர் கலந்து அளக்கின்றன. தண்ணீர் கூடினால் உப்பு நீர்த்துப்போய் எண் சிறிதாகத் தெரியும். அட்டையில் ஒன்றரை என்றால் நெல்லுக்கு அது ஏற்கெனவே தொந்தரவான அளவாக இருக்கலாம். எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

மண் எடுத்த மாதமும் முக்கியம். தை அறுவடை முடிந்த ஈரத்தில் எடுத்தால் குறைவாகக் காட்டும். அதே வயலைச் சித்திரையில் போய்ப் பாருங்கள். வெடிப்புகளின் விளிம்பில், வரப்போரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், காலை வைத்தால் மேல்மண் பொருபொருவென்று உடையும். மண் மாதிரியை அப்போதும் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மழை உங்களுக்கு எவ்வளவு இலவசமாகக் கழுவித் தருகிறது என்பதற்கு அளவு.

ஜிப்சம் போட்டா சரியாயிடும்னு சொல்றாங்களே?

களர் நிலத்துக்கு ஆகும், உவர் நிலத்துக்கு ஆகாது. உவர் என்றால் கரையும் உப்பு அதிகம். அதற்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும்தான். களர் என்றால் சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிட்ட நிலை. பி.எச். எட்டரைக்கு மேல் இருக்கும், தண்ணீர் கீழே இறங்காமல் கலங்கலாக நிற்கும். ஜிப்சத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்தச் சோடியத்தை விலக்கி அதன் இடத்தைப் பிடிக்கிறது. வெறும் உவர் நிலத்தில் ஜிப்சம் கொட்டுவது, இருக்கும் உப்போடு இன்னொரு உப்பைக் காசு கொடுத்துச் சேர்ப்பதுதான். கடல்நீர் புகுந்த வயலில் இரண்டு கோளாறும் சேர்ந்திருக்கலாம். அப்படி இருந்தால் ஜிப்சம் முதலில், கழுவுவது பிறகு.

கழுவுவதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஒரு அடி மண்ணின் வழியாக அரை அடி நன்னீர் இறங்கினால் உப்பில் பாதி போகும். ஒரு அடி இறங்கினால் ஐந்தில் நான்கு பங்கு போகும். வடகிழக்குப் பருவமழை அந்த அளவைத் தாராளமாகத் தருகிறது. வரப்பை உயர்த்தித் தண்ணீரை நிறுத்தி, இறங்கவிட்டு, வடித்தால் போதும். 2004 சுனாமியில் உப்பான நாகை வயல்கள் பல மீண்டது இப்படித்தான்: மேலே படிந்த சேற்றை வழித்தார்கள், வரப்புக் கட்டி மழைநீரில் கழுவினார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். பசுந்தாள் உரத்துக்குச் சணப்பை விடத் தக்கைப்பூண்டு உப்பைத் தாங்கும். விதைக்கு ஆகும் செலவும் கொஞ்சம்தான். வடிகால் இல்லாத வயலில் இவை எதுவும் பலிக்காது.

உப்பு தாங்குற ரகம் போட்டா போதுமா?

அது நல்ல தொடக்கம், ஏனென்றால் விதையை மாற்றுவதற்குத் தனிச் செலவு அதிகமில்லை. கோ 43 ஓரளவு உவரைத் தாங்கும். திருச்சி 1, திருச்சி 3 ரகங்கள் களர் நிலத்துக்காக உருவானவை. பாரம்பரிய ரகங்களில் குழியடிச்சானும் களர்பாலையும் இந்தக் கரையிலேயே பழகியவை. சுனாமிக்குப் பிறகு அவற்றைத் தேடிப் போய் விதைத்தவர்கள் உண்டு.

வரவு செலவில் இரண்டு விஷயம் பாருங்கள். நல்ல ஆண்டில் பாரம்பரிய ரகம் குறைவாகவே விளையும், உயரமாக வளர்வதால் காற்றில் சாயும். அந்த இழப்பை, கெட்ட ஆண்டில் காலியாகாமல் இருப்பதற்கான விலையாக எடுத்துக்கொள்ளலாம். அடுத்து, விற்கும் இடம். கொள்முதல் நிலையத்தில் பாரம்பரிய ரகத்துக்கென்று கூடுதல் விலை கிடையாது. வாங்குபவரைப் பேசி வைத்த பிறகு விதையுங்கள். எல்லா நிலத்திலும் ஒரே ரகம் வேண்டாம். வாய்க்கால் கடைசியில் இருக்கும் தாழ்ந்த மாவில் தாங்கும் ரகம், மேட்டில் வழக்கமான ரகம் என்று பிரிப்பது என் பார்வையில் சரி.

ஆழமா போர் போட்டு நல்ல தண்ணி எடுத்துக்கலாமா?

ஒன்றுக்கு நாற்பது கணக்கை மறுபடி பாருங்கள். கடலோரத்தில் ஆழ்துளையில் இழுத்து இழுத்து எடுப்பது அடியில் உள்ள உப்பை மேலே வரவழைக்கும் வேலை. முதல் சில ஆண்டு நல்ல தண்ணீர் வரும், பிறகு கரிக்கும், பிறகு பக்கத்துக்காரர் போரும் கரிக்கும். போட்ட கடன் மட்டும் நிற்கும். வேதாரண்யத்து மணல் மேடுகளில் ஆழம் குறைந்த குட்டை தோண்டி, மேலே மிதக்கும் நன்னீரை மட்டும் பூச்செடிக்கும் காய்கறிக்கும் மொண்டு ஊற்றுவார்கள். அதுதான் இந்த மண்ணுக்கு ஏற்ற முறை.

பண்ணைக்குட்டை வெட்டினா நிலம் போகுதே, கட்டுப்படியாகுமா?

நிலம் போகிறது என்பது உண்மைதான். ஆனால் வெட்டிய மண் எங்கே போகிறது என்று பாருங்கள். வங்காளத்துச் சுந்தரவனத்தில், 2009-ல் ஐலா புயல் உப்பாக்கிய நிலங்களில், வயலில் ஐந்தில் ஒரு பங்கை ஆழமாக வெட்டி, அந்த மண்ணால் மீதி நிலத்தை மேடு, நடுத்தரம், தாழ்வு என்று பிரித்து உயர்த்தினார்கள். குட்டையில் மழைநீரும் மீனும், கரையில் காய்கறி, தாழ்ந்த இடத்தில் நெல். ஒரு போகம் எடுத்த நிலத்தில் கோடையிலும் வருமானம் வந்தது.

நம் பக்கம் இதைச் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. அடியில் உப்புநீர் மேலாக இருக்கும் இடத்தில் பத்தடி வெட்டினால் குட்டையே உப்பாகிவிடும். முதலில் ஒரு சிறு குழி தோண்டி, கோடையில் ஊறும் நீரைச் சோதித்துவிட்டு ஆழத்தை முடிவு செய்யுங்கள். கணக்குப் போடும்போது குட்டைத் தண்ணீரைக் கோடைப் பயிருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நாற்றங்கால் சமயத்தில் ஆற்றுநீர் பத்து நாள் தாமதித்தால், அந்த இளம் நாற்றைக் காப்பாற்றும் ஒரு தண்ணீர்தான் அதன் பெரிய லாபம்.

பேசாம இறால் குட்டைக்கு விட்டுட்டா? நெல்லுல பத்து வருஷத்துல பாக்காத காசு ஒரே வருஷத்துல வருதே.

வருகிறது, மறுக்கவில்லை. நூறு, நூற்றிருபது நாளில் ஒரு பட்டம், ஏக்கருக்கு நெல் கனவிலும் காணாத தொகை. ஆனால் தீவனமே செலவில் பாதிக்கு மேல் விழுங்கும், மின்சாரம் நின்றால் ஒரு இரவில் எல்லாம் மிதக்கும். 1990-களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது இந்தக் கரையில் குட்டைகளை அப்படியே போட்டுவிட்டுப் போனவர்கள் பலர். விலையும் நம் கையில் இல்லை. இந்திய இறாலின் பெரிய சந்தை அமெரிக்கா. 2025-ல் அங்கே வரியை உயர்த்தியதும் இங்கே குட்டைக்காரர் நெஞ்சில் அடி விழுந்தது. மூன்று நல்ல பட்டத்தை ஒரு கெட்ட பட்டத்தோடு சேர்த்துச் சராசரி போட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் சேராத செலவு ஒன்று உண்டு, அது அடுத்த வயல்காரர் தலையில் விழுகிறது. குட்டை உப்பு அவர் மண்ணில் கசிகிறது, குடிநீர்க் கிணறு கரிக்கிறது, நடவுக்கும் களைக்கும் போன பெண்களுக்கு வேலை போகிறது. காந்தியவாதி ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனது இதற்காகத்தான். நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் அந்த வழக்கில் போட்ட கணக்கில், இறால் பண்ணைகளால் வந்த சேதம் அவற்றின் வருமானத்தைவிட அதிகம் என்று வந்தது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 1996 டிசம்பர் 11-ல் வந்த தீர்ப்பு விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக்கூடாது என்றது. பிறகு 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. பண்ணைக்குப் பதிவு கட்டாயம்.

ஏற்கெனவே நெல்லுக்கு ஆகாமல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் உவர் தரிசு வேறு. அங்கே பதிவு பெற்று, கழிவுநீரைத் தேக்கிச் சுத்தம் செய்து வெளியே விடுவதை நான் எதிர்க்கமாட்டேன். சுற்றிலும் நெல் விளையும் வயலின் நடுவில் ஒரு குட்டை போடுவதைக் கடைசிவரை எதிர்ப்பேன்.

கேரளாவுல பொக்காளின்னு நெல்லும் இறாலும் மாத்தி மாத்திப் போடுறாங்களே, இங்க ஏன் செய்யக்கூடாது?

அருமையான முறை அது. கொச்சிப் பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை உப்பைக் கழுவியதும் நெல், அறுவடைக்குப் பிறகு நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஓதத்தோடு வரும் இறால். உரம், மருந்து கிடையாது.

இங்கே மழைக் காலம் வேறு. நம் பெருமழை ஐப்பசியில்தான். இறாலுக்கு மிஞ்சுவது மாசி முதல் ஆடி வரையான வெயில் காலம். அப்போது குட்டை நீர் வற்றிக் கடல்நீரைவிடக் கரிக்கத் தொடங்கும். அந்த உப்பு முழுவதையும் கழுவ ஒரே ஒரு பருவமழையை நம்ப வேண்டும். அது பொய்த்தால் சம்பாவும் போச்சு. ஓதம் நேரடியாக ஏறி இறங்கும் கழிமுகத்து ஓர வயல்களில் சிறிய அளவில் பார்க்கலாம், அதுவும் ஒரு படுகைக்காரர் அத்தனை பேரும் சேர்ந்து. பொக்காளி நிலத்திலேயே இறால் காசு பெரிதாகி நெல் பரப்பு சுருங்கிவருகிறது என்பதையும் மறக்கவேண்டாம்.

ஆத்து வாயில தடுப்பணை கட்டிட்டா எல்லாம் சரியாகுமில்ல?

உப்பைத் தடுக்கும், ஆனால் தடுப்பது எல்லாவற்றையும்தான். கேரளத்துக் குட்டநாட்டில் 1970-களில் தண்ணீர்முக்கம் தடுப்பணை வந்தது. கோடையில் கதவை மூடியதால் நெல்லுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. உள்ளே நீர் தேங்கி ஆகாயத்தாமரை பெருகியது, மீனும் சிப்பியும் குறைந்தன. கதவை எப்போது திறப்பது என்பதில் உழவருக்கும் மீனவருக்கும் இன்றும் இழுபறி.

நமக்கு ஓதம் ஏறும்போது மூடி, வெள்ளம் வரும்போது சட்டென்று திறக்கும் கடைமடை ஷட்டர்கள் தேவை. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வெண்ணாற்றுப் பகுதியில் நடந்த பணி இந்த நோக்கத்தைக் கொண்டதுதான். அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால் ஆகியவற்றைத் தூர்வாரி, கரையை உயர்த்தி, நீரொழுங்கிகளைப் புதுப்பித்தார்கள். ஆனால் கட்டுவதற்குக் கிடைக்கும் பணம் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை. உப்புக்காற்றில் துருப்பிடித்த ஷட்டர் பாதி தூக்கிய நிலையில் நிற்பதும், அடியில் ஓதநீர் நுழைவதும் பார்க்காத ஊர் இங்கே குறைவு. அதை இயக்க ஒரு ஆளும், ஆண்டுக்கு ஒருமுறை பூசக் கிரீஸும் பெயின்டும் பெரிய செலவே இல்லை. கிராமசபையில் புதிய அணை கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். கூடவே நெய்வேலிக் காட்டாமணக்கு அடைத்த வடிவாய்க்காலைப் புரட்டாசிக்குள் வெட்டச் சொல்லுங்கள். இ.சி. 5-லிருந்து 4-க்கு இறங்கினால் மேலே போட்ட கணக்கில் ஏக்கருக்கு 3 குவிண்டால், 7,500 ரூபாய். நூறு ஏக்கர் படுகைக்கு ஒரு சம்பாவில் ஏழரை லட்சம். கடற்கரைச் சுவரில் போடும் பணத்தைவிட வடிகாலில் போடும் பணம் சீக்கிரம் திரும்பும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

கொள்ளிடத்துல இவ்வளவு தண்ணி கடலுக்கு வீணாப் போகுதே, அத நிறுத்தினா போதாதா?

வெள்ளக் காலத்தில் தேக்க முடிந்ததைத் தேக்கலாம். முழுக்க நிறுத்தக்கூடாது. ஆற்று வாயில் உப்பைப் பின்னுக்குத் தள்ளுவதே அந்த ஓட்டம்தான். 2007 காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பே சுற்றுச்சூழலுக்கு 10 டி.எம்.சி.யும், கடலுக்குப் போவதைத் தவிர்க்க முடியாத நீராக 4 டி.எம்.சி.யும் ஒதுக்கியது. கடைமடைக்காரர்கள் தங்களுக்கு எதிரான கோஷத்தைத் தாங்களே போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பயிர்க் காப்பீடு இருக்கே, அது பாத்துக்காதா?

புயலையும் பெருமழையையும் ஓரளவு பார்க்கும். சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான், கட்டாயம் கட்டுங்கள். ஆனால் மெல்ல ஏறும் உப்பு அதன் கண்ணில் படாது. இழப்பைத் தீர்மானிக்கும் வரம்பு, உங்கள் பகுதியின் கடந்த ஏழு ஆண்டில் சிறந்த ஐந்து ஆண்டுச் சராசரியிலிருந்து வருகிறது. ஆண்டுக்கு ஆண்டு உப்பால் விளைச்சல் இறங்கினால் அந்த வரம்பும் கூடவே இறங்கும். கெட்டுப்போன நிலையே வழக்கமான நிலையாகப் பதிவாகிவிடும், இழப்பீடு வராது. கணக்கெடுப்பும் உங்கள் வயலுக்கென்று தனியாக இல்லாமல் பகுதிக்கு மொத்தமாக நடக்கிறது. கடலோர வயல் கருகி, உள்ளே இருக்கும் வயல் விளைந்திருந்தால் சராசரி உங்களைக் கைவிடும்.

நான் கோயில் நிலக் குத்தகைக்காரன். நான் ஏன் காசு போட்டு மண்ணைத் திருத்தணும்?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் இல்லாமல் கடைமடை திருந்தாது. ஜிப்சமும் மண்ணை உயர்த்துவதும் பலன் தரச் சில ஆண்டு ஆகும். அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் போடமாட்டார். பயிர்க்கடன் ஒரு போகத்துக்கு மட்டும்தான், மண்ணைத் திருத்த அது காணாது. 1969 சட்டப்படி குத்தகைதாரர் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிவாரணம் கேட்கவும் அதுதான் ஆதாரம். பதிவு இல்லாதவரை ஒரே போகத்தில் பலன் தரும் செலவோடு நில்லுங்கள்: தாங்கும் ரகம், தக்கைப்பூண்டு, வரப்பு. நிலத்தை நிரந்தரமாக மேம்படுத்தும் செலவை நிலத்துக்கு உரியவரும் அரசும் ஏற்க வேண்டும். குத்தகைக் குறைப்பாகவாவது அதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

தென்னை, மாமரம், சவுக்கு வெச்சிட்டு நிம்மதியா இருக்கலாமா? இல்ல வித்துட்டே போயிடலாமா?

தென்னை உப்பை நெல்லைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் பலனுக்குக் காத்திருக்கும் ஆண்டுகளையும் புயலையும் கணக்கில் வையுங்கள். 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா கரை கடந்தபோது, வேதாரண்யத்தில் ஒரு தலைமுறை உழைப்பு சில மணி நேரத்தில் சாய்ந்தது. இருக்கும் நிலம் முழுவதையும் நீண்டகால மரத்தில் பூட்ட வேண்டாம். சில ஆண்டுகளில் வெட்டிக் காசாக்கும் சவுக்கு, கடலோர மணல் நிலத்துக்குப் பொருந்தும். ஆனால் விலை இறங்கினால் தள்ளிப்போட முடிகிறவருக்குத்தான் அது லாபம்.

விற்பதைப் பொறுத்தவரை, 2020-ல் டெல்டா பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமானது. அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயு போன்ற சில தொழில்களைத் தடுக்கிறது. நிலம் கைமாறுவதையோ உப்பையோ அது தடுக்காது. வாங்க வருபவர் யார், எதற்கு வாங்குகிறார் என்று விசாரியுங்கள். சித்திரையில் ஒன்று, தையில் ஒன்று என இரண்டு இ.சி. அளவும் மூன்று ஆண்டு விளைச்சல் குறிப்பும் கையில் இருந்தால், நிலம் எவ்வளவு வேகமாகக் கெடுகிறது என்பது தெரியும். வடிகால் வெட்டிய பிறகும் அளவு ஏறிக்கொண்டே போனால் தாழ்ந்த மாக்களை மட்டும் முதலில் விட்டுவிட்டு மேட்டைக் கையில் வைத்திருக்கலாம். மழைக்குப் பிறகு அளவு இறங்குகிறது என்றால், மலிவு விலைக்கு அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள்.